இங்கிலாந்தின் பழைய கிராமத்து சர்ச்சுகளுக்குள் படம் எடுப்பது பற்றி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வெண்நாரை

அக்டோபரில் ஒரு வாரம் சஃபோக், நார்ஃபோக் பக்கம் குடும்பத்தோடு சுற்றப் போகிறோம். கடற்கரை, கோட்டை எல்லாம் இருக்கட்டும், எனக்கு முக்கியம் அங்கே ஊருக்கு ஊர் நிற்கிற பழைய சர்ச்சுகள்தான். பெரிய கதீட்ரல்களை எல்லாரும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். நானூறு பேர் வாழ்கிற ஒரு கிராமத்தில், அந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிதாக, ஐந்நூறு அறுநூறு வருடமாக நிற்கிற கட்டடம் இருக்கிறதே, அதன் உள்ளே நுழைந்தால் என்ன உணர்வு வருகிறதோ அதைப் படத்தில் கொண்டுவர வேண்டும் என்று ஆசை.

ஆனால் இதுவரை எடுத்ததில் ஜன்னல் எல்லாம் வெள்ளையாக வெந்துபோகிறது, இல்லையென்றால் ஜன்னல் சரியாக வந்து மற்றதெல்லாம் கரி. தூண்கள் உள்பக்கம் சாய்ந்து விழுவது போல வருகின்றன. அப்புறம் அனுமதி விஷயம். வாசலில் யாரும் இல்லை, கதவு திறந்திருக்கிறது, உள்ளே போய் டிரைபாட் விரிக்கலாமா? யாரிடம் கேட்பது? வழிபாட்டு இடம் என்பதால் தப்பாக எதுவும் செய்துவிடக் கூடாது. என்னிடம் ஃபுல் ஃபிரேம் கேமரா, 24-70 லென்ஸ், ஒரு சின்ன டிரைபாட் இருக்கிறது. மனைவி போனில் எடுப்பார்.

ஒளிவாங்கி

முதலில் அனுமதி. இங்கிலாந்துத் திருச்சபையிடம் சுமார் 16,000 சர்ச்சுகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே விதி என்று கிடையாது. அந்தந்த சர்ச்சின் பாதிரியாரும், சர்ச் வார்டன் என்று இரண்டு பேர் இருப்பார்கள், அவர்களும், அவர்களுடைய சபைக் குழுவும் முடிவு செய்வதுதான். பெரும்பாலான கிராமத்து சர்ச்சுகளில் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டிரைபாட்டுக்குச் சில இடங்களில் மட்டும் முன்கூட்டிக் கேட்கச் சொல்வார்கள். வாசல் மண்டபத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும், அதை முழுசாகப் படியுங்கள். வழிபாட்டு நேரம், வார்டனின் தொலைபேசி எண், கதவு பூட்டியிருந்தால் சாவி எந்த வீட்டில் கிடைக்கும் என்பது வரைக்கும் அதில் எழுதியிருப்பார்கள். ஒரு வாரம் முன்னால் மின்னஞ்சல் போட்டு விடுங்கள், நிறைய பேர் சந்தோஷமாகப் பதில் போடுவார்கள், கூடவே "வடக்குப் பக்கம் அந்த மரச் செதுக்கலை விட்டுவிடாதீர்கள்" என்று ஒரு குறிப்பும் வரும். படத்தை விற்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

இனி வெளிச்சம். உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம் விளக்குகளைப் பார்ப்பது. போட்டிருந்தால், ஆள் இருந்தால், அணைக்கலாமா என்று கேளுங்கள். ஜன்னல் வெளிச்சம் நீலம், பழைய பல்பு மஞ்சள், புது எல்இடி இன்னொரு நிறம், மூன்றும் ஒரே சுவரில் விழுந்தால் எந்த ஒயிட் பேலன்ஸாலும் (கேமராவின் நிறச் சரிசெய்தல்) காப்பாற்ற முடியாது. விளக்கை அணைத்த பிறகு கண் பழகுவதற்குச் சில நிமிடம் கொடுங்கள், அந்தக் கட்டடம் கட்டியவர்கள் எந்த வெளிச்சத்தை நினைத்துக் கட்டினார்களோ அது அப்போதுதான் தெரியும்.

ஜன்னல் வெந்துபோவதற்குக் காரணம் உங்கள் கேமரா இல்லை. இப்போதைய நல்ல சென்சார் 13, 14 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சம் இரண்டு மடங்கு) வரை பிடிக்கும், வெயிலடிக்கிற ஜன்னலுக்கும் பெஞ்சுக்கு அடியில் இருக்கிற நிழலுக்கும் இடையில் இருப்பது அதையும் தாண்டிவிடும். ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள், டிரைபாட்டில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு நொடி டைமர். ஒரே இடத்தில் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படம். வீட்டுக்கு வந்து ஜன்னலை மட்டும் இருண்ட படத்திலிருந்து எடுத்துப் பொருத்தலாம். இல்லையென்றால் மேகமூட்டமான நாளாகப் பார்த்துப் போங்கள், பாதிப் பிரச்சினை தானாகப் போய்விடும்.

தூண் சாய்வது கேமராவை மேலே தூக்குவதால். கேமராவை மட்டமாக வையுங்கள், கூரை வரவில்லையா, பின்னால் போங்கள் அல்லது செங்குத்தாகத் திருப்புங்கள், தரை அதிகமாக வரும், அதை வெட்டிக்கொள்ளலாம்.

மாடப்புறா

நான் போனில் மட்டும் எடுக்கிறவள், அக்காவுக்காகச் சொல்கிறேன்.

அல்ட்ராவைட் பொத்தானை மறந்துவிடுங்கள். பெரும்பாலான போனில் அந்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற சென்சார் சின்னது, இருட்டில் கல்லெல்லாம் களிமண் மாதிரி குழைந்து வரும். முதன்மை லென்ஸை வைத்துக்கொண்டு, முதுகைத் தூணில் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நைட் மோடில் எடுத்தால் டிரைபாட்டே வேண்டாம். பெஞ்சின் முதுகுப் பலகையில் பாட்டுப் புத்தகம் வைக்கிற தட்டு இருக்கும், அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தும் எடுக்கலாம்.

கூரைக்கு ஒரே வழிதான். நடுப்பாதையின் மையத்தில் தரையில் ஒரு துணி விரித்து, திரை மேலே தெரிகிற மாதிரி போனை வைத்து, முன் கேமராவில் டைமர் போட்டு விலகிவிடுங்கள். கூரையின் நடு உத்தரம் படத்தின் நடுவில் நேர்க்கோடாக வரும். கழுத்தும் வலிக்காது. சில சர்ச்சுகளில் கூரையைப் பார்ப்பதற்கென்றே கண்ணாடி பதித்த தள்ளுவண்டி வைத்திருப்பார்கள், அந்தக் கண்ணாடியைப் படம் எடுத்தாலும் நன்றாக வரும்.

கல்வெட்டுப்பித்தன்

லென்ஸ், ஸ்டாப் எல்லாம் சரி தம்பி. ஆனால் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் கட்டடத்தைப் படிக்க வேண்டும். எந்தக் காலத்துக் கட்டடம் என்று தெரிந்தாலே உள்ளே எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று பாதி சொல்லிவிடலாம். ஹியர்ஃபோர்ட்ஷரில் கில்பெக் என்று ஒரு சின்ன சர்ச், 1140 வாக்கில் கட்டியது. நார்மன் பாணி, கனத்த சுவர், கையகல ஜன்னல், உள்ளே எப்போதும் மாலை நேரம் மாதிரிதான். நீங்கள் போகிற சஃபோக், நார்ஃபோக் அதற்கு நேர் எதிர். பதினைந்தாம் நூற்றாண்டில் கம்பளித் துணி வியாபாரத்தில் பணம் கொட்டிய பகுதி அது. லாங் மெல்ஃபோர்ட், லாவன்ஹாம் இரண்டும் அந்தப் பணத்தில் எழுந்தவை. சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஜன்னல். நடுக்கூடத்துக்கு மேலேயும் வரிசையாக ஜன்னல் வைத்திருப்பார்கள், வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்கும்.

அந்த வெளிச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது சோகமான காரணம். மதச் சீர்திருத்தத்துக்கு (பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்தது) முன்னால் இந்தச் சுவர்கள் எல்லாம் ஓவியம், ஜன்னல் எல்லாம் வண்ணம். பிறகு ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள், வண்ணக் கண்ணாடியை உடைத்து வெறும் கண்ணாடி போட்டார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1643-44இல், வில்லியம் டௌசிங் என்பவர் இதற்கென்றே அதிகாரம் வாங்கிக்கொண்டு கேம்பிரிட்ஜ்ஷர், சஃபோக் முழுக்க சர்ச் சர்ச்சாகப் போய் உருவங்களையும் வண்ணக் கண்ணாடியையும் உடைத்தார், போன இடத்தையெல்லாம் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். நீங்கள் "ஆஹா எவ்வளவு தூய வெள்ளை" என்று படம் எடுக்கிற சுவர் பல இடங்களில் அழிக்கப்பட்ட சுவர். இது தெரிந்த பிறகு எடுக்கிற படம் வேறு மாதிரி இருக்கும்.

யார்க்‌ஷரில் பிக்கரிங் சர்ச்சில் 1852இல் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பெரிய பெரிய சுவரோவியங்கள் வெளியே வந்தன. அப்போதைய பாதிரியாருக்கு அது பிடிக்கவில்லை, பக்தர்களின் கவனம் கலையும் என்று மறுபடி வெள்ளையடிக்க வைத்துவிட்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வேறொருவர் வந்து திரும்ப வெளிக்கொணர்ந்தார். இன்று நடுக்கூடத்தின் இருபக்கமும் புனிதர் ஜார்ஜ், புனிதர் கிறிஸ்டோபர் எல்லாரும் தூணுக்கு மேலே நிற்கிறார்கள்.

சுவர்க் கிறுக்கல்களையும் தேடுங்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷரில் ஆஷ்வெல் சர்ச், கோபுரத்தின் உள்சுவரில் லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்கள்: 1350இல் கொள்ளைநோய், மிஞ்சிய மக்களின் பரிதாப நிலை, 1361இல் வீசிய பெரும்புயல். நோயில் ஊர் காலியான பிறகு பிழைத்த யாரோ ஒருவர் கூரான எதையோ எடுத்துச் சுண்ணாம்புக் கல்லில் எழுதியது. நேராக நின்று பார்த்தால் சாம்பல் நிறச் சுவர்தான், ஒன்றுமே தெரியாது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, கிட்டத்தட்ட இணையாகப் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். கீறலின் ஒரு விளிம்பில் ஒளியும் மறு விளிம்பில் நிழலும் விழுந்து எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வரும். பிளாஷ் போட்டீர்களோ, மொத்தமும் தட்டையாகிப் போகும். ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் டிரைபாட்டில் எடுக்க, பக்கத்துக்கு ஒன்றாக நாலு திசையிலிருந்தும் வெளிச்சம் கொடுத்து எடுத்தால் படிக்கிற மாதிரி வரும். கீறலின் மேலே எந்தக் காரணத்துக்காகவும் காகிதம் வைத்துத் தேய்க்கக் கூடாது, சாக்பீஸ் தடவக் கூடாது.

வெண்நாரை

அண்ணா, இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பிளைத்பரோ போகலாம் என்று இருக்கிறேன், கூரையில் தேவதைகள் இருக்கிறதே அது. அங்கேயும் டௌசிங் வந்து தேவதைகளைத் துப்பாக்கியால் சுட்டார் என்று ஒரு இடத்தில் படித்தேன், உண்மையா?

கல்வெட்டுப்பித்தன்

டௌசிங் 1644இல் அங்கே வந்தது உண்மை. துப்பாக்கிக் கதை வேறு. கூரையைப் பழுது பார்த்தபோது மரத்தில் பதிந்திருந்த ஈயக் குண்டுகள் கிடைத்தன, அவை பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சர்ச்சுக்குள் கூடு கட்டிய காக்கைகளைச் சுடுவதற்கு ஆளுக்குக் கூலி கொடுத்ததாக சர்ச் கணக்கிலேயே இருக்கிறது. தேவதைகள் சிறகு விரித்து, கூரையின் நடுவில் முதுகுக்கு முதுகு கொடுத்தபடி இருக்கும். மங்கிய சிவப்பும் பச்சையும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 24-70 பத்தாது, கிடைத்தால் ஒரு 70-200 நீள லென்ஸ் கொண்டு போங்கள். வடக்குக் கதவில் கருகிய தடம் ஒன்று உண்டு, 1577 புயலன்று கறுப்பு நாய் ஒன்று உள்ளே பாய்ந்து வெளியேறியபோது விழுந்த நகத் தடம் என்பது ஊர்க்கதை. குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

லாங் மெல்ஃபோர்டில் வடக்கு வாசலுக்கு மேலே கண்ணாடியில் உள்ளங்கை அளவில் ஒரு வட்டம். மூன்று முயல்கள் சுற்றி ஓடும், மூன்றுக்கும் சேர்த்து மூன்றே காது, ஆனால் ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு காது இருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆயிரம் பேர் அதற்குக் கீழே நடந்து போய்விடுகிறார்கள்.

தெற்குவாசல்

ஒளிவாங்கி சொன்ன ஐந்து படத்தைச் சேர்க்கிற முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. இணையத்தில் சர்ச் உள்படம் என்று தேடினால் வருகிற பாதிப் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன, மூலை முடுக்கெல்லாம் ஒரே பிரகாசம், கல்லில் ஆரஞ்சு நிறம், நிழல் என்று ஒன்றே இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் நின்ற எந்த மனிதரும் அதை அப்படிப் பார்த்ததில்லை. இருட்டு அங்கே ஒரு குறை இல்லை. பின்பக்கம் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிற இடம் மங்கலாக இருந்து, கண் தானாக பீடத்தை நோக்கிப் போகிறதென்றால் அது வேண்டுமென்று செய்தது. ஒரே படம் எடுங்கள், ஜன்னலுக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், நிழல் நிழலாகவே இருக்கட்டும்.

ஃபிரெடரிக் எவன்ஸ் என்று லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்த ஒருவர், பிறகு கதீட்ரல்களைப் படமெடுப்பதிலேயே வாழ்நாளைச் செலவழித்தார். வெல்ஸ் கதீட்ரலின் தேய்ந்த படிக்கட்டை அவர் 1903இல் எடுத்த படத்தைப் பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் பாதம் பட்டுக் குழிந்த கல், அலை அலையாக மேலே போகிறது. செயற்கை வெளிச்சம் எதுவும் இல்லை.

ஒளிவாங்கி

சேர்ப்பது என்று சொன்னது எல்லாவற்றையும் சமமாக்கச் சொன்னதில்லை நண்பரே. ஜன்னலில் இருக்கிற ஓவியம் படத்தில் தெரிய வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மென்பொருளின் தானியங்கி ஹெச்டிஆர் (பல படங்களை ஒன்றாக்குவது) பொத்தானை நானும் தொடுவதில்லை, ஒரு படத்தின் ஜன்னலை இன்னொன்றில் கையால் பொருத்துகிறேன். கண்ணுக்கே ஜன்னலும் தெரிகிறது, பெஞ்சும் தெரிகிறது இல்லையா, கேமராவுக்கு முடியாததை ஈடு செய்வது பொய்யாகாது.

எவன்ஸ் விஷயத்தில் முழுச் சம்மதம். அவரும் ஒரே இடத்தில் நாள் கணக்காகத் தங்கி வெளிச்சம் சுற்றி வருவதைப் பார்த்துத்தான் எடுத்தார். வெண்நாரை, நீங்கள் ஒரு நாளில் ஆறு சர்ச் என்று திட்டம் போடாதீர்கள், இரண்டு போதும். பீடம் பெரும்பாலும் கிழக்கே இருக்கும், காலையில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும், அப்போது மேற்கு நோக்கிப் படம் எடுங்கள். மதியத்துக்கு மேல் திரும்புங்கள். வண்ணக் கண்ணாடியை மட்டும் எடுப்பதென்றால் வெயில் நேரடியாகப் படாத வடக்கு ஜன்னல், அல்லது மேகம். எதிர்ப்பக்கச் சுவர் வரை பின்னால் போய் நீள லென்ஸில் எடுத்தால் கோணல் குறையும்.

மெழுகுவர்த்தி

நான் இங்கே ஒரு கிராமத்து சர்ச்சில் முறை வைத்துக் கதவு திறந்து மூடுகிற தன்னார்வலர்களில் ஒருத்தி. சபையில் மொத்தமே ஒரு கைப்பிடிப் பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள். வருகிறவர்களை வரவேற்கத்தான் விரும்புகிறோம், அதனால்தான் காவலுக்கு ஆள் இல்லாமலேயே கதவைத் திறந்து வைக்கிறோம். அந்த நம்பிக்கையை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

உள்ளே யாராவது உட்கார்ந்திருந்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். அவர் சுற்றுலாவுக்கு வந்தவராக இருக்கலாம், நேற்று அடக்கம் நடந்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம், முதுகைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. போய்க் கொஞ்ச நேரம் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஷட்டர் சத்தத்தை அணைத்து வையுங்கள்.

எதையும் நகர்த்தாதீர்கள். சென்ற வருடம் ஒருவர் படம் அழகாக வர வேண்டும் என்று பீடத்து மெழுகுவர்த்தித் தண்டுகளை நகர்த்தி, ஏற்றியும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பீடத்து விரிப்பில் மெழுகு கொட்டி இறுகிவிட்டது. அது எங்கள் சபைப் பெண்கள் பல மாதம் உட்கார்ந்து கையால் தைத்த விரிப்பு. பீடத்தைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கும், அதைத் தாண்டி உள்ளே போகவே வேண்டாம்.

பழைய கல்லறைச் சிற்பங்களின் மேல் பையை வைக்காதீர்கள், சாயாதீர்கள். அலபாஸ்டர் பளிங்கு மாதிரி தெரியும், ஆனால் நகத்தால் கீறினாலே கோடு விழுகிற மென்மையான கல். டிரைபாட்டின் கால்களுக்கு ரப்பர் மூடி இருக்கட்டும், தரையில் பதித்த பித்தளைத் தகடுகள், பழைய ஓடுகள் மேல் ஊன்றக் கூடாது.

கோபுரத்துக்குக் கீழே மணிக்கயிறுகள் தொங்கும், வண்ண வண்ணமாக அழகாகத்தான் இருக்கும், எடுங்கள், தொடாதீர்கள். குழந்தைகளைக் கண்டிப்பாகத் தொட விடாதீர்கள். இங்கே மணியை முழுவட்டமாகச் சுற்றி அடிப்பார்கள். சில சமயம் வாய் மேல் பக்கம் பார்க்க நிறுத்தி விட்டுப் போயிருப்பார்கள். கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் நூற்றுக்கணக்கான கிலோ உலோகம் தலைக்கு மேலே உருளும், கயிறு ஆளையும் சேர்த்து மேலே தூக்கிவிடும்.

பிளாஷ் வேண்டாம். நிறைய சர்ச்சுகளில் வௌவால்கள் இருக்கின்றன, சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, அவை தங்குகிற இடத்தில் தொந்தரவு செய்வது குற்றம். தரையில் எச்சம் கிடந்தால், பித்தளைத் தகட்டின் மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தால் அதுதான் காரணம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இளவேனில்

படத்தை இணையத்தில் போடுவது பற்றி யாரும் பேசவில்லையே. பழைய கட்டடம், பழைய சிற்பம் சரி. புதிய ஓவியமோ கண்ணாடியோ இருந்தால் பதிப்புரிமை இருக்கும் இல்லையா? கெண்ட்டில் டூட்லி சர்ச் போக ஆசை, ஜன்னல் முழுக்க ஷகால் என்ற ஓவியர் செய்தது.

ஒளிவாங்கி

நல்ல கேள்வி. டூட்லியில் பன்னிரண்டு ஜன்னலும் மார்க் ஷகாலுடையவை. 1963இல் படகு விபத்தில் மூழ்கி இறந்த ஒரு இளம்பெண்ணின் நினைவாக அவள் பெற்றோர் ஒரு ஜன்னல்தான் கேட்டார்கள், 1967இல் அதைப் பொருத்தியபோது வந்த ஷகால் சர்ச்சைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் செய்கிறேன் என்று சொன்னார். கடைசி ஜன்னல்கள் 1985இல் வந்தன, அந்த வருடமே அவர் இறந்தும் போனார். பிரிட்டனில் பதிப்புரிமை படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை, ஆகவே 2055 முடியும் வரை இருக்கும்.

1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது. கட்டடங்கள், அப்புறம் பொது இடத்திலோ பொதுமக்களுக்குத் திறந்திருக்கிற கட்டடத்திலோ நிரந்தரமாக இருக்கிற சிற்பங்கள், கலைநயமிக்க கைவினைப் பொருட்கள், இவற்றைப் படம் எடுக்கலாம், வெளியிடலாம். ஓவியம், வரைபடம் போன்றவை இந்த விலக்கில் வராது. எனவே நவீன ஓவியம் மாட்டியிருந்தால் அதை மட்டும் நெருக்கமாக எடுத்துப் பொதுவில் போடுவதற்கு முன் கேளுங்கள். சட்டம் ஒரு பக்கம், கட்டடத்துக்காரர்கள் போடுகிற நிபந்தனை இன்னொரு பக்கம், இரண்டையும் பார்க்க வேண்டும். டூட்லிக்கு நடுப்பகலில் வெயில் இருக்கும்போது போங்கள், நீலம் சுவரிலும் தரையிலும் வழியும், அதை எடுங்கள், ஜன்னலை விட அதுதான் அந்த இடம்.

தெற்குவாசல்

இடத்தின் பெயரைப் போட வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். டெவனில் டார்பிரயன் சர்ச்சில் பதினைந்தாம் நூற்றாண்டு மரத் திரையிலிருந்து (பீடப் பகுதியைப் பிரிக்கிற தடுப்பு) இரண்டு புனிதர் ஓவியப் பலகைகளை 2013இல் அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் இல்லாத சர்ச்சில் தூக்கிப் போகக்கூடிய பொருள் எது, எந்த மூலையில் இருக்கிறது என்று நாமே வரைபடத்தோடு போட்டுக்கொடுக்கிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வெள்ளிப் பாத்திரம், சின்னச் சிலை, பெட்டி எதையும் இடப் பெயரோடு போடுவதில்லை.

கல்வெட்டுப்பித்தன்

அதே சம்பவத்தின் மறுபாதியையும் சொல்லுங்கள். அந்தப் பலகைகள் திரும்பக் கிடைத்தது எப்படி? இணையத்தில் விற்பனைக்கு வந்ததை ஒரு சேகரிப்பாளர் அடையாளம் கண்டு தகவல் கொடுத்தார், 2015இல் லண்டன் போலீஸ் மீட்டது. அடையாளம் காண ஆள் வேண்டுமென்றால் அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று பத்துப் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1941இல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது பிரிட்டனில் தேசியக் கட்டடப் பதிவகம் என்று ஒன்றை அவசரமாகத் தொடங்கினார்கள், கட்டடம் இடிவதற்கு முன்னால் படமாவது எடுத்து வைத்துவிட வேண்டும் என்று. பல இடங்களுக்கு இன்று மிச்சம் இருப்பது அந்தப் படம்தான்.

கழற்றி எடுக்கக்கூடிய சின்னப் பொருளைப் பொதுவில் போட வேண்டாம் என்பதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எடுங்கள். நாலு பக்கமும், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடுத்து சர்ச் வார்டனுக்கு அனுப்புங்கள். அவர்களிடம் இருக்கிற பட்டியலில் பல நேரம் படமே இருக்காது.

மெழுகுவர்த்தி

எங்களிடம் இருப்பது யாரோ எப்போதோ எடுத்த மங்கலான கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். யாராவது நல்ல படங்களாக அனுப்பினால் காப்பீட்டுக்கும் உதவும், வாசல் மண்டபத்தில் வைக்கிற அட்டைக்கும் உதவும். கூரை ஒழுகுகிற இடத்தைக்கூட அப்படி அனுப்பிய படத்தில்தான் நாங்கள் முதலில் பார்த்தோம். உத்தரம் சுவரில் சேருகிற முனையில் கறுப்பாக ஒரு கறை, தரையிலிருந்து யார் கண்ணுக்கும் படவில்லை, நீள லென்ஸில் எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோது மரம் ஈரத்தில் உப்பியிருந்தது அப்படியே தெரிந்தது.

வெண்நாரை

திட்டத்தை மாற்றிவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு சர்ச்தான். லாங் மெல்ஃபோர்ட், லாவன்ஹாம் ஒரு நாள், பிளைத்பரோவுக்கு ஒரு முழு நாள், அப்புறம் நார்ஃபோக்கில் ரான்வொர்த், அங்கே வர்ணம் தீட்டிய மரத் திரை நன்றாகத் தப்பியிருக்கிறது என்று படித்தேன். நண்பரிடம் 70-200 கேட்டிருக்கிறேன். திரும்பும் வழியில் ஆஷ்வெல், மகன் டார்ச் பிடிப்பான். எடுக்கிற படங்களை அந்தந்த சர்ச்சுக்கே முதலில் அனுப்பிவிட்டுத்தான் இங்கே போடுவேன். சனிக்கிழமை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் குழப்பம், அன்று பிளைத்பரோ போகலாமா?

மெழுகுவர்த்தி

சனிக்கிழமை வேண்டாம், கல்யாணம் இருக்க வாய்ப்பு உண்டு, எந்த சர்ச் ஆனாலும். இல்லாவிட்டாலும் ஞாயிறுக்காகப் பூ அலங்காரம், சுத்தம் என்று ஆட்கள் உள்ளே இருப்பார்கள். அக்டோபர் தொடக்கத்தில் அறுவடைத் திருவிழா வரும், பூசணி, ஆப்பிள், கோதுமைக் கதிர் என்று ஜன்னல் மேடை முழுக்க அடுக்கியிருப்பார்கள். அதைப் பார்க்கிற ஆசை இருந்தால் ஞாயிறு வழிபாட்டுக்கே வாருங்கள், கேமரா பையிலேயே இருக்கட்டும், முடிந்ததும் தேநீர் தருவார்கள், அப்போது கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். மற்றபடி செவ்வாய், புதன் காலை பத்து மணிக்கு மேல் நல்லது. பல சர்ச்சுகள் மாலை நாலு மணிக்கே பூட்டிவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த சர்ச்சின் இணையப் பக்கத்தில் அடக்க ஆராதனை எதுவும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காணிக்கைப் பெட்டி கதவுக்குப் பக்கத்தில் இருக்கும், இப்போது நிறைய இடங்களில் கார்டு தட்டுகிற கருவியும் வைத்திருக்கிறார்கள். உள்ளே குளிரும், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். போகும்போது கதவைத் தாழ் விழுகிற வரை இழுத்துச் சாத்துங்கள், இல்லையென்றால் பறவைகள் உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும்.